வீட்டுக்காரருக்கு மூலம்

டாக்டர் பாஸ்கரனின் கிளினிக்குக்குப் பாதி நோயாளிகள் நேரில் வருவதே இல்லை. அவர்களுக்குப் பதிலாக வீட்டுப் பெண்கள் வருவார்கள். மாமியாருக்கு மூட்டுவலி, மகனுக்குச் சளி, வீட்டுக்காரருக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு என்று ஒரே டோக்கனில் ஒரு குடும்பத்தையே கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார்கள். ஆளைப் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தது உண்மைதான். ஆவடியில் இத்தனை வருஷம் கடை விரித்தவருக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆளைக் கூட்டிவா என்றால் கூட்டிவர மாட்டார்கள். எதிரே இருக்கும் மருந்துக்கடையில் வாயால் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடைக்காரன் கொடுப்பதற்குத் தான் எழுதுவது மேல் என்று பாஸ்கரன் எழுதுவார். அலுத்துக்கொண்டே எழுதுவார்.

அப்படி வருகிறவர்களில் மங்களம் ஒரு தனி ரகம். ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவள். கணவர் சம்பந்தம் அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள். வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் மங்களம்தான் வருவாள். நோயாளி உட்காரும் ஸ்டூலில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அதன் பக்கத்தில், சுவரோரமாக, பர்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பாள். உட்காருங்கள் என்றால், எனக்கு ஒன்றும் இல்லையே டாக்டர் என்பாள்.

தொழிற்சாலைக்கென்று தனி ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர், மருந்து, எல்லாம் இலவசம். ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். அங்கே ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால், அடுத்த பிளாக்கில் குக்கர் இறங்குவதற்குள் சேதி போய்விடும். அதனால் ஜுரம், தலைவலியை அங்கே காட்டிவிட்டு, மானம் போகிற வியாதிகளை மட்டும் ரயில் பாதை தாண்டி பாஸ்கரனிடம் கொண்டுவருவார்கள். அந்த வகையில் பாஸ்கரனுக்கு ஆவடியில் பாதிப் பேருடைய மானம் தெரியும்.

பொங்கல் முடிந்த கையோடு மங்களம் ஒரு சாயங்காலம் வந்து, வீட்டுக்காரருக்கு மூலம் என்றாள். வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறதாம். உடம்புச் சூடுதான், வேறொன்றுமில்லை என்று தானே முடிவும் சொல்லிவிட்டாள். துத்திக்கீரை வதக்கிக் கொடுத்தாயிற்று, கருணைக்கிழங்கு செய்து போட்டாயிற்று, மோர் குடித்தாயிற்று. ஒரு ஆயின்ட்மென்ட் மட்டும் எழுதித் தந்தால் போதும். பாஸ்கரன் ஆளை வரச் சொன்னார். அவருக்கு ஷிஃப்டு வேலை, கூச்சமும் படுறாரு டாக்டர் என்றாள். வெளியே இருமிக்கொண்டு ஏழெட்டுப் பேர். அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பங்குனியில் அவள் மறுபடி வந்து, இன்னும் நிற்கவில்லை என்றபோது பேனாவை மூடி வைத்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தம் சொட்டாக விழுகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா? கலந்துதான் வருகிறது. முன்னே மாதிரி ஒரு வேளை போகிறாரா? இல்லை, காலையிலேயே மூன்று நான்கு தடவை. போய்விட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரியே இருக்கிறது. சாப்பாடு? இறங்கவில்லை. இளைத்துவிட்டாரா? ஆமாம். எதற்கும் அவள் யோசிக்கவில்லை. புருஷன் உடம்பை இவ்வளவு தெரிந்துவைத்திருக்கும் பெண்டாட்டி எத்தனை பேருக்குக் கிடைப்பாள் என்று பாஸ்கரன் அப்போது மனதுக்குள் மெச்சிக்கொண்டார். பாவம், மெச்சியதோடு நின்றுவிட்டார்.

நம் ஊரில் டாக்டர்களுக்கு இரண்டு பாஷை உண்டு. நோயாளியிடம் பேசுவது ஒன்று: ஒன்றும் இல்லை, சும்மா ஒரு டெஸ்ட், எல்லாம் சரியாகிவிடும். நோயாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கூட வந்தவரிடம் பேசுவது இன்னொன்று. அதில் பூச்சு இருக்காது. கூட வந்தவர் தாங்கிக்கொள்வார் என்பது ஏற்பாடு. எல்லாக் குடும்பமும் அப்படித்தான் கேட்கிறது, எல்லா டாக்டரும் அப்படித்தான் செய்கிறார். பாஸ்கரனும் வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டே, மங்களத்துக்கு முதுகைக் காட்டியபடி, இரண்டாவது பாஷையில் சொன்னார்.

"மூலமா இருந்தா நல்லது. ஆனா இந்த வயசுல, இப்படி மாசக்கணக்கா ரத்தம் போனா குடல்ல புத்துநோயாவும் இருக்கலாம். டியூப் விட்டுப் பார்த்தாத்தான் தெரியும். சீக்கிரம் பார்த்தா காப்பாத்திடலாம், விட்டா கைமீறிடும். அவர்கிட்ட இப்போ சொல்லாதீங்க. நோயாளிக்குத் தெரிஞ்சா பயந்துடுவாங்க. கூட இருக்கறவங்கதான் தைரியமா இருக்கணும்."

டியூப் விட்டால் ரொம்ப வலிக்குமா அவருக்கு என்று மங்களம் கேட்டாள். மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள், தெரியாது என்றார் அவர். முகப்பேரில் ஒரு ஆஸ்பத்திரியில் குடல் சிகிச்சை நிபுணராக இருக்கும் டாக்டர் மதிவதனிக்கு, சம்பந்தம் பெயரில் கடிதம் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போதுதான் நிமிர்ந்து பார்த்து, நீங்களும் இளைச்சுட்டீங்களே என்றார். விரதம் டாக்டர் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கடிதம் எழுதிக் கொடுப்பதோடு ஒரு டாக்டரின் வேலை முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்கள் ஆவடிக்கு வந்து பார்க்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், இவருக்கு அங்கே கமிஷன் என்று பாதிப் பேர் நினைப்பார்கள். மீதிப் பேர் இவருக்குக் கைராசி போய்விட்டது என்று அடுத்த தெரு டாக்டரிடம் போவார்கள். போகிறேன் என்கிறவர்களும் சித்திரை வெயில் தணியட்டும், ஆடி கழியட்டும், லீவு கிடைக்கட்டும் என்பார்கள். நோய்க்கு லீவும் கிடையாது, ஆடியும் கிடையாது. கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் சரசாவிடம் சொல்லி மங்களத்துக்கு இரண்டு மூன்று தடவை போன் போட வைத்தார். அடுத்த வாரம் போறோம்னு சொல்றாங்க டாக்டர் என்று சரசா ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாள். பாஸ்கரனுக்கு எரிச்சல் வந்தது. பிறகு எரிச்சல்படவும் தெம்பில்லாமல் போனது. அவர் பார்க்காத பிடிவாதமா?

ஆனி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம், சம்பந்தமே வந்தார். கையில் காலியான பிரஷர் மாத்திரை அட்டை.

"ஊட்ல அவளுக்குத் தல சுத்துதுன்னு படுத்துகினு கீறா டாக்டர். அதான் நானே வந்தேன்" என்றார்.

பாஸ்கரனுக்கு இத்தனை மாதமாக அடக்கிவைத்தது எல்லாம் மொத்தமாகப் பொங்கியது. நோயாளியிடம் சொல்லக் கூடாது என்ற ஏற்பாடு எல்லாம் காற்றில் போயிற்று. பங்குனியில் கடிதம் கொடுத்தேனே, ஏன் போகவில்லை, உயிர்மேல் ஆசை இல்லையா, பெண்டாட்டி ஒருத்தி எத்தனை தடவைதான் உனக்காக வந்து நிற்பாள் என்று பொரிந்து தள்ளிவிட்டார். சம்பந்தம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். எந்தக் கடிதம், எந்த ஆஸ்பத்திரி என்றார். ரத்தம் போவது எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, யாருக்கு டாக்டர் என்று திருப்பிக் கேட்டார்.

கூச்சத்தில் மழுப்புகிறார் என்று நினைத்துப் பாஸ்கரன் அவரைப் படுக்கவைத்து, கையுறை மாட்டிச் சோதித்தார். மனிதர் நெளிந்தாரே தவிர மறுக்கவில்லை. மூலம் இல்லை, கட்டி இல்லை, ரத்தம் இல்லை. தொப்பை மட்டும் இருந்தது. எடை பார்த்தால் இளைத்த அடையாளமே இல்லை.

பாஸ்கரன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நானும் அவளும்தான் என்றார் சம்பந்தம், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. அவங்க சரியாச் சாப்பிடறாங்களா? எங்கே டாக்டர், செவ்வாய், வெள்ளி, சனி, கிருத்திகை, பிரதோஷம் என்று வாரம் பூரா விரதம். எல்லாம் என் நல்லதுக்காம். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு பொத்தானைப் போட்ட கை அப்படியே நின்றது.

"போன மாசம் ஒரு தபா கக்கூஸ்ல பாத்தேன் டாக்டர். செவப்பா இருந்துச்சு. பொம்பளைங்க சமாச்சாரம்னு தண்ணி ஊத்திட்டு வந்துட்டேன். அதெல்லாம் போயி கேக்க முடியுமா?"

"அவங்களுக்கு என்ன வயசு?"

"என்னவிட ரெண்டு வயசு சின்னவ. அம்பத்தி..."

அவர் முடிக்கவில்லை. அந்தச் சமாச்சாரம் நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்பது கூடவே குடித்தனம் நடத்திய மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. நோயாளி ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

உடனே வீட்டுக்கு ஓடப் பார்த்தவரைப் பாஸ்கரன் பிடித்து நிறுத்தினார். இப்போது போய்க் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள், அதற்கப்புறம் இந்தப் படி ஏற மாட்டாள் என்றார். தனக்கென்றால் வர மாட்டாள், உங்களுக்கென்றால் தவழ்ந்தாவது வருவாள்; எனவே, என் உடம்பைப் பற்றிப் பேச டாக்டர் உன்னைக் கூப்பிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள், வேறு ஒரு வார்த்தை பேசாதீர்கள் என்று அனுப்பினார். இது ஏமாற்று வேலை என்று அவருக்கே தெரிந்தது. முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் மங்களம் வந்தாள். படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்ததாகச் சரசா பிறகு சொன்னாள். சம்பந்தம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவள் உள்ளே வந்து வழக்கமான இடத்தில் நின்றாள்.

"அவருக்கு இன்னா டாக்டர்? நேத்துலேருந்து மொகமே சரியில்ல. வச்ச சோறு அப்படியே கீது."

பாஸ்கரன் எழுந்து கதவைச் சாத்தினார். அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. இத்தனை மாதம் கண்ணெதிரே நின்றவளை ஒருதடவை இமையை இழுத்துப் பார்த்திருந்தால் போதும். நின்றுகொண்டிருந்ததால் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பார். அவ்வளவுதான் விஷயம்.

"நேத்து அவரைச் சோதிச்சுப் பார்த்துட்டேன். அவருக்கு ஒண்ணும் இல்லம்மா. மூலம்கூட இல்ல" என்றார்.

அவள் தலைகுனிந்தாள். ராத்திரி தூக்கம் வராமல் பாஸ்கரன் ஒரு பெரிய திட்டையே தயார் செய்து வைத்திருந்தார். அதை ஆரம்பித்தும் விட்டார். பொன்னான மாசங்கள் போய்விட்டனவே, விவரம் தெரியாத பெண்ணா நீங்கள், என்னிடம் மறைத்து என்ன லாபம் என்று கேட்டார். அவள் குனிந்த தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னாள்.

"நீங்கதான டாக்டர் சொன்னீங்க, நோயாளிக்குத் தெரிஞ்சா பயந்துடுவாங்க, கூட இருக்கறவங்கதான் தைரியமா இருக்கணும்னு. என்கூட யாரு கீறாங்க? ரெண்டு ஆளாவும் நானே இருந்தேன்."

கை கழுவிக்கொண்டே சொன்னது, முதுகைக் காட்டிச் சொன்னது, புத்துநோய் என்ற வார்த்தையைச் சோப்பு நுரையோடு சேர்த்து உதறியது எல்லாம் பாஸ்கரனுக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. எந்த நோயாளியிடமும் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. இவளிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்காரரிடம் சொல்லாதே என்று அனுப்பியும் வைத்திருக்கிறார். அவள் சொன்னபடி கேட்டாள். அன்றிலிருந்து தினமும் சமைத்து, துவைத்து, விரதம் என்று பொய் சொல்லி, காலையில் கக்கூஸில் பார்த்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, தைரியமாக இருந்திருக்கிறாள்.

சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்கள். அந்த இடத்தில் ரத்தம் என்று ஆம்பளை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் புருஷன் பெயரைச் சொன்னாளாம். ஆயின்ட்மென்டில் சரியாகிவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்தாளாம். பிறகு டாக்டரே அப்படிச் சொன்னதும் அந்த நிமிஷமே, எனக்குத்தான் என்று சொல்ல வாய்வரை வந்ததாம். அவர் திரும்பியே பார்க்கவில்லை, கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார். கடிதத்தில் பெயரும் ஏறிவிட்டது. அதற்கு மேல் மாற்றிச் சொன்னால் டாக்டர் என்ன நினைப்பார் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம்.

பாஸ்கரன் ஸ்டூலை இழுத்து அவளருகே போட்டார். தன் நாற்காலியையும் நகர்த்தி எதிரே போட்டு உட்கார்ந்தார். வெளியே டோக்கன் கேட்டு யாரோ சரசாவிடம் சத்தம் போட்டார்கள். போடட்டும் என்று விட்டுவிட்டார்.

"மொதல்லேருந்து சொல்லுங்க. யாருக்கு என்ன பண்ணுது?"

மங்களம் ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். பர்ஸை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ரத்தம் போவுது டாக்டர்" என்றாள்.

சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழ விட்டார். முன்பு சொன்ன அதே விஷயத்தை இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நாள் ஆகியிருக்கிறது, ஆனாலும் வைத்தியம் இருக்கிறது. மதிவதனி பெண் டாக்டர்தான், நானே போனில் பேசுகிறேன் என்றார். அதைப் போன தடவையே சொல்லியிருக்கலாம். ஆண் நோயாளிக்கு அது எதற்கு என்று அப்போது சொல்லவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்றார்.

"அவருக்கு ஒரு டீ போடக்கூடத் தெரியாதே டாக்டர்" என்றாள் மங்களம், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அதற்கப்புறம் நடந்தவற்றில் சம்பந்தத்தின் பங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். செலவைத் தொழிற்சாலை ஏற்க வேண்டுமென்றால் அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்துதான் மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆனி மாதம் வரை தன் மாத்திரையைத் தானே வாங்கியறியாத மனிதர் அந்த வரிசையில் போய் நின்றார். முன்னும் பின்னும் குவார்ட்டர்ஸ்காரர்கள். யாருக்கு என்ன என்று கேட்டவர்களிடமெல்லாம், என் ஊட்டுக்காரிக்குக் குடல்ல கட்டி இருக்குமோன்னு சந்தேகம், டியூப் விட்டுப் பாக்கணும் என்று சத்தமாகவே சொன்னாராம். அன்று சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, எனக்கும் கொஞ்ச நாளாக அப்படி இருக்கிறது என்று மங்களத்தின் காதோடு சொன்னாளாம்.

கட்டி இருந்தது. அறுவை சிகிச்சையில் குடலில் ஒரு முழம் எடுத்தார்கள். புற்று பக்கத்து நெறிகட்டிகளுக்கும் போயிருக்கிறது, ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்று மதிவதனி போனில் சொன்னார். பங்குனியிலேயே வந்திருந்தால் என்று பாஸ்கரன் இழுத்தார். அந்தக் கேள்வியை விடுங்கள் சார், எல்லாரும் கேட்பதுதான் என்று மதிவதனி முடித்துவிட்டார். அவர் குரலும் களைத்துத்தான் இருந்தது.

இனிமேல் ஆள் வராமல் மருந்து கிடையாது என்று பாஸ்கரன் சரசாவிடம் கண்டிப்பாகச் சொல்லி வாசலில் போர்டுகூட மாட்டினார். மழைக்காலம் வந்து ஜுரக் கூட்டம் நெருக்கியபோது போர்டு சுவரில் இருந்தது, கண்டிப்பு போய்விட்டது. ஒரே ஒரு பழக்கம் மட்டும் நின்றது. யார் வந்து யாருக்கு மருந்து கேட்டாலும், முதலில் வந்தவரை உட்காரச் சொல்லி இமையை இழுத்துப் பார்ப்பார். எனக்கு ஒண்ணும் இல்லியே என்று எல்லாப் பெண்களும் சொன்னார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிலபேர் சிரித்தார்கள். டாக்டருக்கு வயசாகிவிட்டது என்று பேச்சு கிளம்பியது.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் மங்களமும் சம்பந்தமும் சேர்ந்து வந்தார்கள். அவள் தலையில் துண்டு கட்டியிருந்தாள். முடி கொட்டிப்போயிருந்தது. பாதியாக இளைத்திருந்தாள். இன்னும் பாதி ஊசி பாக்கி. சம்பந்தம் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்து, ஸ்டூல் பக்கத்தில் சுவரோரமாக, அவளுடைய பர்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

யாருக்கு என்று வழக்கம்போலக் கேட்டார் பாஸ்கரன்.

மங்களம் யாரும் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவருக்கு இருமல் டாக்டர். நெசமாவே அவருக்குத்தான். ஆனா அவரு நிக்கட்டும், மொதல்ல என்னப் பாருங்க. ஊசி போட்டதுலேருந்து எனக்குப் பாதம் ரெண்டும் மரத்துப் போவுது."